வீட்டு வானிலை நிலைய மென்பொருளின் இணைய முகப்பைப் பாதுகாப்பது எப்படி?

உங்கள் கேள்வியின் சாரம் இது: வீட்டு வானிலை நிலையத்தின் அளவீடுகளைச் சேகரிக்கும் க்யூமுலஸ் எம்எக்ஸ் மென்பொருள் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில் ஓடுகிறது, வெளியில் இருக்கும்போதும் அதன் பக்கங்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் 8998 என்ற போர்ட்டை, அதாவது இணைப்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசலை, திறந்து அந்தக் கணினிக்குத் திருப்பிவிட்டிருக்கிறீர்கள், இப்போது முகவரி தெரிந்த எவரும் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே வர முடிகிறது, ஒரு கடவுச்சொல் வைத்தால் போதுமா, வேறு ஏதேனும் செய்ய வேண்டுமா? முதலில் அந்தப் போர்ட்டை மூடிவிடுங்கள். கடவுச்சொல்லைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம். அடுத்துச் செய்ய வேண்டியது, வெளியிலிருந்து உங்களுக்கு உண்மையில் என்ன தேவை என்பதைப் பொறுத்தது. அளவீடுகளைப் பார்ப்பது ஒரு வேலை, மென்பொருளின் அமைப்புகளை மாற்றுவது வேறொரு வேலை; இரண்டுக்கும் ஒரே வாசலைத் திறந்து வைத்ததே இங்குள்ள சிக்கலின் வேர்.

வெப்பநிலையிலும் மழையளவிலும் மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அளவீடுகளில் மறைக்க ஒன்றுமில்லைதான். ஆனால் அவற்றைக் காட்டும் அதே முகப்பின் அமைப்புப் பக்கங்களில் உங்கள் வலைத்தளத்துக்குக் கோப்புகளை ஏற்றும் எஃப்டிபி கணக்கு, தரவுத்தளத்தின் கடவுச்சொல், எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பும் கணக்கு, வெதர் அண்டர்கிரவுண்ட் போன்ற சேவைகளின் நிலைய எண்ணும் சாவியும் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. இன்னும் மோசமானது, குறிப்பிட்ட நேரங்களில் வேறொரு நிரலை இயக்கச் சொல்லும் வசதி க்யூமுலஸ் உள்ளிட்ட சில மென்பொருள்களில் இருப்பது. அமைப்புப் பக்கத்தை மாற்ற முடிந்த அந்நியர் அந்த வசதியின் வழியாகக் கணினியிலேயே தனக்கு வேண்டிய கட்டளையை இயக்க முயலலாம். அதன் பிறகு அவர் நிற்பது உங்கள் வானிலைப் பக்கத்தில் அல்ல, உங்கள் வீட்டு வலையமைப்புக்குள். நிலையத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்களுடன் நிரப்பியிருந்தால், அது சுமார் 11 மீட்டர் துல்லியத்தில் உங்கள் வீட்டைக் காட்டும். இரண்டு இலக்கங்களோடு நிறுத்தினால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் என்ற அளவில் மங்கிவிடும், சூரிய உதய நேரக் கணக்குக்கு அதுவே தாராளம். வீட்டுக்குள் வைத்திருக்கும் உணரியின் அளவீடுகளையும் பலர் யோசிக்காமலே வெளியிடுகிறார்கள். உள்வெப்பநிலையும் ஈரப்பதமும் பல நாள்களாக ஒரே சீராக இருந்தால், வீட்டில் ஆள் இல்லை என்று ஊகிக்கப் பெரிய திறமை எதுவும் வேண்டியதில்லை.

என் முகவரி யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணத்துக்கு இன்று இடமில்லை. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸீமேப் என்னும் கருவி, வேகமான இணைப்புள்ள ஒரே ஒரு கணினியிலிருந்து, ஐபிவி4 என்னும் பழைய வகை இணைய முகவரிகள் அனைத்திலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடங்களுக்குள் துருவிப் பார்க்க முடியும் என்பதைக் காட்டியது. இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடித் தரும் ஷோடான் 2009 முதல் இயங்குகிறது. ஆகவே 8998-க்குப் பதிலாக யாரும் நினைக்காத ஓர் எண்ணை வைத்துக்கொண்டால் போதும் என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. அது பதிவேட்டில் சேரும் வெட்டி முயற்சிகளைக் குறைக்குமே தவிர வாசலைப் பூட்டாது. 2016-இல் பரவிய மிராய் தீநிரல், கருவிகளோடு வரும் பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளில் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை மட்டுமே வைத்துக்கொண்டு இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. ராஸ்பெரி பை இயங்குதளமும் எல்லோருக்கும் ஒரே பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவந்த வழக்கத்தை 2022 ஏப்ரலில் கைவிட்டது. அதற்கு முன் நிறுவிய கணினியாக இருந்தால், அந்தப் பழைய கடவுச்சொல் இன்னும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இனி வழிகளுக்கு வருவோம். நண்பர்களும் அக்கம்பக்கத்தினரும் அளவீடுகளைப் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், வீட்டுக் கணினியை யாரும் வந்து தொட வேண்டிய தேவையே இல்லை. வானிலை மென்பொருள்கள் அளவீடுகளைக் கொண்டு சாதாரண வலைப்பக்கங்களையும் வரைபடங்களையும் தாமே உருவாக்கி, வெளியில் நீங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் தளத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். க்யூமுலஸில் இந்த வசதி உண்டு. டாம் கெஃபர் உருவாக்கிய, பைத்தானில் எழுதப்பட்ட வீவெக்ஸ் மென்பொருளோ இந்த முறையிலேயே பிறந்தது: அதற்குச் சொந்தமாக வலைச் சர்வரே கிடையாது, அமைப்புகள் எல்லாம் ஓர் உரைக்கோப்பில் இருக்கின்றன, பொதுவாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பக்கங்களைப் புதிதாக எழுதி வைப்பதோடு அதன் வேலை முடிகிறது. இணைப்பு எப்போதும் வீட்டிலிருந்து வெளியே போகிறது, வெளியிலிருந்து உள்ளே வருவதில்லை. ரவுட்டரில் எந்தப் போர்ட்டும் திறக்கப்படுவதில்லை. வெளித்தளத்தை யாராவது கெடுத்தாலும் நீங்கள் இழப்பது மீண்டும் எழுதிக்கொள்ளக்கூடிய சில பக்கங்களைத்தான். கேள்வி கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு இதுவே போதும் என்பது என் கணிப்பு.

அந்த அனுப்புதலிலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வெறும் எஃப்டிபி, கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்புகிறது. ஆகையால் குறியாக்கம் செய்து அனுப்பும் எஸ்எஃப்டிபியையோ டிஎல்எஸ் சேர்ந்த எஃப்டிபியையோ தேர்ந்தெடுங்கள். பாதுகாப்பான தொலைநுழைவு முறையான எஸ்எஸ்எச் வழியாக, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவியைப் பயன்படுத்துபவர்கள் அதற்கென்றே தனிச் சாவி ஒன்றை உருவாக்கி, தளத்தில் அந்தச் சாவியைப் பதியும் வரியிலேயே அதைக் கொண்டு ஒரே ஒரு கோப்புறைக்குள் ஆர்சிங்க் மட்டுமே செய்ய முடியும் என்று கட்டுப்படுத்தலாம். வீட்டுக் கணினியே திருடுபோனாலும் அந்தச் சாவியால் தளம் முழுவதையும் ஆள முடியாது. வெளியிடும் கோப்புறையில் அமைப்புக் கோப்பின் நகலையோ தரவுத்தளத்தின் காப்புப்படியையோ தற்காலிகமாகக்கூட வைக்காதீர்கள். தேடுபவர்கள் வழக்கமாக முதலில் கேட்கும் பெயர்களே அவைதான். பக்க வார்ப்புருவிலிருந்து உள்வெப்பநிலை, உள் ஈரப்பதம் ஆகிய வரிகளை நீக்கிவிடுவதும் இந்த இடத்தில்தான். வரைபடங்களிலும், அவற்றுக்காக எழுதப்படும் ஜேசான் என்னும் தரவுக் கோப்புகளிலும் சேர்த்து நீக்க வேண்டும், இல்லையேல் பக்கத்தில் தெரியாத எண் கோப்பில் தெரியும்.

ஐந்து நிமிடத் தாமதம் பிடிக்காமல், காற்றின் வேகம் நொடிக்கு நொடி நகர்வதைக் காட்ட விரும்புபவர்கள் பெரும்பாலும் அளவீடுகளைத் தலைப்பு வாரியாக ஒரு தரகுச் சர்வர் உடனுக்குடன் பரிமாறும் எம்க்யூடிடி முறைக்குப் போகிறார்கள். அங்கே பார்வையாளரின் உலாவியே தரகுச் சர்வரோடு பேசுவதால், அதற்குத் தேவையான பயனர்பெயரும் கடவுச்சொல்லும் பக்கத்தின் மூலநிரலில் எவர் கண்ணுக்கும் தெரியும்படிதான் இருக்கும். ஆகவே பார்வையாளருக்கென்று தனிக் கணக்கு ஒன்றை ஏற்படுத்தி, அது வானிலைத் தலைப்பு ஒன்றை மட்டும் படிக்கலாம், எதிலும் எழுத முடியாது என்று அனுமதிப் பட்டியலில் வரையறுத்துவிட வேண்டும். வீட்டு விளக்குகளையும் கதவுகளையும் இயக்கும் அதே தரகுச் சர்வரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. பரவலாகப் பயன்படும் தரகு மென்பொருளான மஸ்கீட்டோ, 2.0 பதிப்பிலிருந்து, நீங்கள் வெளிப்படையாக அமைத்துத் தந்தாலன்றி வேறு கணினிகளிலிருந்து வரும் இணைப்புகளை ஏற்பதில்லை. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளைப் பின்பற்றி, இணைப்பு வரவில்லையே என்று அடையாளமற்ற அணுகலை அனுமதிக்கும் வரியைச் சேர்த்துவிடாதீர்கள். மறைக்காத 1883 போர்ட்டையும் வெளியே காட்ட வேண்டாம்.

அமைப்புகளை மாற்றுவது, பதிவேட்டைப் படிப்பது, தவறான மழைப் பதிவைத் திருத்துவது போன்ற வேலைகளை வெளியிலிருந்து செய்ய விரும்புபவர் நீங்கள் ஒருவர் மட்டுமே. ஆகவே உங்கள் கைப்பேசியும் மடிக்கணினியும் மட்டும் வீட்டு வலையமைப்புக்குள் வரும்படி விபிஎன் என்னும் குறியாக்கப்பட்ட தனி இணைப்பை அமைப்பதே முறை. விபிஎன் மென்பொருள்களில் வயர்கார்டை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் அதன் எளிமை மட்டுமல்ல. 2020-இல் லினக்ஸ் கருவகத்தின் 5.6 பதிப்பில் சேர்க்கப்பட்ட அது, சரியான சாவியால் உறுதிசெய்யப்படாத பொட்டலங்களுக்குப் பதிலே சொல்வதில்லை. துருவிப் பார்ப்பவருக்கு அங்கே ஒரு சேவை இருப்பதே தெரியாது. ரவுட்டரில் 51820 அல்லது நீங்கள் விரும்பும் வேறொரு யுடிபி போர்ட் ஒன்றை மட்டும் அதற்காகத் திறக்க வேண்டும். பல ரவுட்டர்களிலேயே வயர்கார்டு இருப்பதால் தனிக் கணினியும் தேவைப்படாமல் போகலாம். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிச் சாவி கொடுங்கள். கைப்பேசி தொலைந்தால் அந்த ஒரு சாவியை நீக்கினால் போதும், மற்றவை பாதிக்கப்படுவதில்லை. கைப்பேசியின் அமைப்பில் அனுமதிக்கப்பட்ட முகவரிகளாக வானிலைக் கணினியின் முகவரியை மட்டும் குறிப்பிட்டால், மற்ற இணையப் போக்குவரத்து வழக்கம்போலத் தன் வழியில் போகும், மின்கலமும் வீணாகாது. உங்கள் இணையச் சேவையாளர் பொது முகவரி தராமல் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருந்தால் உள்வரும் இணைப்பே வராது. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் அநேகமாக அதுதான் நிலைமை. அப்போது வயர்கார்டின் மேல் கட்டப்பட்ட டெயில்ஸ்கேல் போன்ற சேவையோ, வெளியில் வாடகைக்கு எடுக்கும் சிறு சர்வரை இடைநிலையாக வைப்பதோ வழி.

எஸ்எஸ்எச் ஏற்கெனவே பயன்படுத்துபவராக இருந்தால் அதன் சுரங்க வசதியே இதற்குப் போதும்: மடிக்கணினியின் 8998 போர்ட்டை ராஸ்பெரி பையின் 8998 போர்ட்டோடு எஸ்எஸ்எச் இணைப்புக்குள் பிணைத்துவிட்டு, உலாவியில் மடிக்கணினியின் சொந்த முகவரியான 127.0.0.1-ஐ 8998 போர்ட்டோடு (127.0.0.1:8998) திறந்தால் வானிலை முகப்பு தெரியும். கடவுச்சொல் நுழைவை நிறுத்தி, சாவி நுழைவை மட்டும் வைத்த பிறகே அந்த எஸ்எஸ்எச் போர்ட்டை வெளியே காட்ட வேண்டும்.

மூன்றாவது வழி ரிவர்ஸ் ப்ராக்ஸி. எஞ்சின்எக்ஸ், அப்பாச்சி, கேடி ஆகிய வலைச் சர்வர்களில் ஒன்றை முன்னால் நிறுத்தி, எச்டிடிபிஎஸ் குறியாக்கத்தையும் கடவுச்சொல் சரிபார்ப்பையும் அதனிடம் ஒப்படைத்து, வானிலை மென்பொருளை அதன் பின்னால் மறைத்து வைப்பது இந்த முறை. மென்பொருளின் முகப்பையே பலர் உலாவியில் பார்க்க வேண்டும், அவர்கள் கைப்பேசிகளில் விபிஎன் அமைக்க இயலாது என்ற நிலையில்தான் இதை நாட வேண்டும். விபிஎன்னை விட இதில் தவறு நேரும் இடங்கள் அதிகம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பேசிக் என்னும் எளிய கடவுச்சொல் முறை, பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் பேஸ்64 எழுத்துகளாக மாற்றி ஒவ்வொரு கோரிக்கையோடும் அனுப்புகிறது. அது குறியாக்கம் அல்ல, எவரும் நொடியில் திருப்பிப் படித்துவிடலாம். எச்டிடிபிஎஸ் இல்லாமல் அதை வைப்பதில் பயனில்லை. எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தேவையான சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பிடமிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, கேடி அதைத் தானே வாங்கித் தானே புதுப்பித்துக்கொள்கிறது. மற்றவற்றில் புதுப்பிப்பு தானாக நடக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தளப்பெயரின் டிஎன்எஸ் பதிவின் மூலம் சான்றுகாட்டும் முறையைத் தேர்ந்தால் 80 போர்ட்டைத் திறக்கவே தேவையில்லை. சான்றிதழ் வாங்கிய ஒவ்வொரு பெயரும் எல்லோரும் படிக்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் இடம்பெறும் என்பதால், யாருக்கும் தெரியாத துணைப்பெயரை வைத்துக்கொண்டால் ஒளிந்துகொள்ளலாம் என்ற கணக்கும் செல்லாது. பெயர் பதிவாகிச் சில நிமிடங்களுக்குள் துருவல்கள் வரத் தொடங்கினால் வியப்படைய வேண்டாம்.

அடுத்தது, எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்பது. அமைப்புப் பக்கத்தின் முகவரியை மட்டும் தடுத்துவிட்டு, முகப்புப் பக்கத்தைக் கடவுச்சொல் இன்றித் திறந்து வைப்பவர்களைப் பார்க்கிறேன். பக்கம் வராமல் போகலாம். ஆனால் அந்தப் பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் அமைப்புகளைப் படிக்கவும் எழுதவும் அழைக்கும் முகவரிகள் தனியாக இருக்கின்றன, அவை திறந்தே கிடக்கும். தடுப்புப் பட்டியல் எழுதினால் அடுத்த பதிப்பில் புதிதாக வரும் முகவரி அதில் இருக்காது. எனவே எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, பார்வைக்குத் தேவையானவற்றை மட்டும் பெயர் சொல்லி அனுமதிக்க வேண்டும். அதைவிடச் சுலபம், முழுவதையும் கடவுச்சொல்லுக்குப் பின்னால் வைத்துவிடுவது. மென்பொருளில் அமைப்புப் பக்கங்களுக்குத் தனிக் கடவுச்சொல் வைக்கும் வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள், ஆனால் ப்ராக்ஸியின் கடவுச்சொல்லையே அதற்கும் வைக்காதீர்கள்.

இன்னொரு நுட்பம் பலருக்குத் தெரிவதில்லை. அதே கணினியிலிருந்து வரும் கோரிக்கைகளை நம்பிக் கடவுச்சொல் கேட்காமல் விடும் மென்பொருள்கள் உண்டு. ப்ராக்ஸி அதே கணினியில் இருந்தால், உலகின் எந்த மூலையிலிருந்து வருபவரும் மென்பொருளின் கண்ணுக்கு அதே கணினியிலிருந்து வருபவராகவே தெரிவார். அத்தகைய விதிவிலக்கு இருந்தால் நீக்குங்கள். மறுபுறம், ப்ராக்ஸியைத் தாண்டி நேரடியாக 8998-ஐத் தொட முடியாதபடி, மென்பொருளை 127.0.0.1 முகவரியில் மட்டும் கேட்கும்படி அமைக்க வேண்டும். அந்த வசதி இல்லாவிட்டால் கணினியின் ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை அடைக்க வேண்டும். மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துபவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்: டாக்கர் வெளியிடும் போர்ட்கள் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலின் விதிகளைத் தாண்டிச் சென்றுவிடும், ஆகவே போர்ட்டை வெளியிடும் வரியிலேயே 127.0.0.1 என்று சேர்த்து எழுத வேண்டும். முகப்பு வந்து எண்கள் மட்டும் நகராமல் நின்றால் காரணம் பெரும்பாலும் அவற்றை உடனுக்குடன் கொண்டுவரும் வெப்சாக்கெட் இணைப்பு. கேடி அதைத் தானாகக் கடத்தும், எஞ்சின்எக்ஸில் அதற்கான தலைப்புகளைக் கடத்தும் வரிகளை நீங்கள் எழுத வேண்டும். இதைச் சரிசெய்யத் தெரியாமல் போர்ட்டை மறுபடியும் நேரடியாகத் திறந்துவிடுவதுதான் நடக்கக் கூடாதது. கடவுச்சொல்லைத் தொடர்ந்து ஊகித்துப் பார்ப்பவர்களை ஃபெயில்2பேன் கொண்டு சில முயற்சிகளுக்குப் பின் தடுக்கலாம். ஊகிக்க முடியாத நீண்ட கடவுச்சொல் இருந்தால் அது கூடுதல் வசதி மட்டுமே.

கிளவுட்ஃபிளேர் டனல் போன்றவை வீட்டிலிருந்து வெளியே ஓர் இணைப்பை ஏற்படுத்தி அதன் வழியே பார்வையாளர்களைக் கொண்டுவருவதால் ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. ஆனால் சுரங்கம் மட்டும் யாரையும் சரிபார்ப்பதில்லை; யார் நுழையலாம் என்ற கொள்கையைத் தனியாக எழுதாவிட்டால் திறந்த போர்ட்டுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. குறியாக்கம் அந்த நிறுவனத்தின் சர்வரில் அவிழ்க்கப்படுகிறது என்பதையும் அறிந்தே தேர்ந்தெடுங்கள்.

வெளிவாசலை அடைத்துவிட்டால் வீட்டுக்குள் கவலை இல்லை என்றும் சொல்ல முடியாது. கடவுச்சொல் இல்லாத முகப்பு ஒன்று வீட்டு வலையமைப்பில் இருந்தால், நீங்கள் உலாவியில் திறக்கும் ஒரு தீய பக்கம் உங்கள் உலாவியைக் கொண்டே அந்த முகப்புக்குக் கோரிக்கை அனுப்ப முயலலாம். இக்கோவிட், டேவிஸ் போன்ற நிறுவனங்களின் நுழைவாயில் கருவிகளும் உள்வலையமைப்பில் அளவீடுகளைக் கடவுச்சொல் இன்றியே கொடுக்கின்றன; டேவிஸின் வெதர்லிங்க் லைவ் 80 போர்ட்டிலும், காற்று, மழை அளவீடுகளை 22222 யுடிபி போர்ட்டிலும் அப்படித்தான் பரப்புகிறது. இவற்றை மலிவு கேமராக்களோடும் விருந்தினர் கைப்பேசிகளோடும் ஒரே வலையமைப்பில் வைக்காமல், ரவுட்டர் அனுமதித்தால் தனிப் பிரிவில் வைப்பது நல்லது. வானிலை மென்பொருளை முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக ஓட்டாமல் அதற்கென்று ஒரு பயனரை உருவாக்குங்கள். நிலையத்தின் கம்பி இணைப்பான சீரியல் போர்ட்டைத் தொட டெபியன் வகை இயங்குதளங்களில் அந்தப் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்தால் போதும். அமைப்புக் கோப்பை அந்தப் பயனர் மட்டுமே படிக்கும்படி அனுமதியைச் சுருக்கிவிடுங்கள்.

கடைசியாகச் சரிபார்ப்பு. ரவுட்டரில் திருப்பிவிட்ட விதியை நீக்கிய பிறகு, கைப்பேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் இணைப்பிலிருந்து உங்கள் பொது முகவரியின் 8998 போர்ட்டைத் திறந்து பாருங்கள். வீட்டு வைஃபையிலிருந்தே சோதித்தால், ரவுட்டர் உள்ளுக்குள்ளேயே திருப்பிவிட்டுத் தவறான முடிவைக் காட்டக்கூடும். யுபிஎன்பி வசதி இயங்கினால் ஏதாவது ஒரு கருவி கேட்காமலே போர்ட்டைத் திறந்துகொள்ளும் என்பதால் அதை அணைத்துவிடுங்கள். புதிய வகை இணைய முகவரியான ஐபிவி6-ஐ மறப்பவர்கள் மிகுதி: அதில் ஒவ்வொரு கணினிக்கும் நேரடியான பொது முகவரி இருப்பதால், திருப்பிவிடும் விதி எதுவும் இல்லாமலே ரவுட்டரின் ஃபயர்வால் ஒன்றுதான் தடுப்பாக நிற்கிறது. கணினியின் ஐபிவி6 முகவரியைக் குறித்துக்கொண்டு அதையும் மொபைல் இணைப்பிலிருந்து தனியாகச் சோதியுங்கள். எந்தெந்த போர்ட்கள் எந்த முகவரியில் காத்திருக்கின்றன என்பதை ராஸ்பெரி பையில் எஸ்எஸ் கட்டளை காட்டும், அங்கே 0.0.0.0 என்றோ இரட்டை முக்காற்புள்ளி என்றோ தெரிந்தால் அது கணினியின் எல்லா வலையமைப்பு இணைப்புகளிலும் கேட்கிறது என்று பொருள்.

முகப்பு இதுவரை திறந்து கிடந்திருப்பதால், அதில் சேமித்திருந்த அனைத்தும் பிறர் கண்ணில் பட்டிருக்கும் என்று கொள்வதே பாதுகாப்பு. எஃப்டிபி, தரவுத்தளம், மின்னஞ்சல் ஆகிய கணக்குகளின் கடவுச்சொற்களையும் வானிலைச் சேவைகளின் சாவிகளையும் மாற்றுங்கள். அதே கடவுச்சொல்லை வேறெங்காவது பயன்படுத்தியிருந்தால் அங்கேயும் மாற்றுங்கள். வெளி நிரல்களை இயக்கும் கட்டங்களில் நீங்கள் எழுதாத எதுவும் இருக்கிறதா, கணினியின் பயனர் பட்டியலிலும் எஸ்எஸ்எச் சாவிக் கோப்பிலும் குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரான் அட்டவணையிலும் அறிமுகமில்லாத வரி ஏதும் உண்டா என்று பாருங்கள். ஒன்றே ஒன்று அப்படிக் கண்ணில் பட்டாலும் தேடித் தேடிச் சுத்தம் செய்யும் முயற்சியில் இறங்காமல், அளவீடுகளின் தரவுக் கோப்புகளை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, நினைவக அட்டையை அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுங்கள்.